பத்தடி அறையின் காற்று

நகரி
20-10-1997

அண்ணனுக்கு, தாட்சாயணி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரும் சாகவும் இல்லை. எனக்கு ஒரு கணக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கொட்டகையில் இப்போது ஆறு பவர்லூம். லுங்கியும் கட்டம் போட்ட துண்டும் ஓடுகின்றன. நூலுக்குச் சாயம் போடுவதும் எங்கள் பின்கட்டிலேயேதான். ஐப்பசி பிறந்துவிட்டால் சாயம் போட்ட நூல் காய்வதில்லை. வெளியே கட்டினால் மழை, உள்ளே கட்டினால் நாற்றம். நூல் காயாவிட்டால் தறி நிற்கும். போன வருடம் தீபாவளிக்கு நின்ற தறி, தை மாதத்தில்தான் மறுபடி ஓடியது.

இந்த வருடமும் அப்படி நின்றால் குவைத்துக்குப் போய்விடுவேன் என்கிறார் அவர். வெறும் பேச்சாக இல்லை. பாஸ்போர்ட் வாங்கியாகிவிட்டது. ராஜம்பேட்டையில் ஒரு ஏஜெண்டைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். எங்கள் தெருவில் ரத்தினம்மாவின் வீட்டுக்காரர் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவர் பேசி அனுப்பும் கேசட்டைப் போட்டுப் போட்டு, அவர்கள் வீட்டுக் கடைசிப் பெண் டேப் ரிக்கார்டரைக் காட்டித்தான் நைனா என்கிறது. ஒரு நாள் அதற்குச் சோறு ஊட்டப் போயிற்று. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் சின்னவளுக்கும் அதே வயசு.

நூல் காய்ந்தால் போகமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அதனால் எனக்கு ஒரு யோசனை. கொட்டகையை ஒட்டி ஓர் அறை சும்மா கிடக்கிறது. பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. செங்கல் சுவர், மேலே காங்கிரீட், ஒரு கதவு, ஒரு வெண்டிலேட்டர். அதை இறுக்க மூடி, உள்ளே இருக்கும் காற்றைக் கரண்டில் சூடாக்கினால் நூல் காய்ந்துவிடாதா? எவ்வளவு கரண்ட் வேண்டும்? எலக்ட்ரீஷியன் நாகபூஷணம் பத்துக் கிலோவாட் என்கிறார், லைன் தாங்காது என்கிறார். தறி மெக்கானிக்கோ, கோழிக்குஞ்சுக்குப் போடுவது போல இரண்டு குண்டு பல்பு போதும் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தாட்சாயணி


திருப்பதி
27-10-1997

தாட்சாயணிக்கு,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருடத்தில் மரியாதை கூடியிருக்கிறது, சந்தோஷம்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். என்ன கேட்கிறாய் என்பது புரிகிறது. ஏன் என்னைக் கேட்கிறாய் என்பதுதான் புரியவில்லை. உன் வீட்டுக்காரர் குடும்பத்தில் படித்தவர்களுக்கா பஞ்சம்? உன் கல்யாணப் பத்திரிகையை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் கங்கையாவின் பெயருக்குப் பின்னால் "ஐ.டி.ஐ., ஃபிட்டர்" என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே "வெங்கடரமணன் (அண்ணன்)" என்று மொட்டையாக நிற்கிறது. நம் பக்கத்து ஊர்களில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, எம்.பில்.லும் வாங்கியவன் அப்போது நான் ஒருவன்தான். பத்திரிகை அடித்தது அவர்கள் வீட்டார். கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள். கங்கையாவுக்குப் போதிய இடம் எனக்குப் போதவில்லை. இந்தக் கணக்கையும் கங்கையாவிடமே கேட்டிருக்கலாம்.

நான் இப்போது ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் எம்செட் நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் எடுக்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போடக் கற்றுத்தருவதுதான் வேலை. ஏன் அந்த விடை என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தால் கரஸ்பாண்டெண்ட் கதவருகே வந்து நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். டிகிரி காலேஜில் எனக்கு வரவேண்டிய இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறான் என்பது வேறு கதை. உனக்கெங்கே தெரியப்போகிறது.

இருந்தாலும் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விடை எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

உன் அறையில் இருப்பது ஏறக்குறைய இருபத்தெட்டுக் கன மீட்டர் காற்று. அதன் எடை முப்பத்துமூன்று கிலோ. காற்றுக்கு எடையா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். உண்டு என்று சொல். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோஜூல் போதும். இருபத்தைந்து டிகிரியிலிருந்து ஐம்பத்தைந்துக்கு ஏற்ற வேண்டுமானால் முப்பது டிகிரி. பெருக்கினால் ஆயிரம் கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோவாட் ஹீட்டர் ஒரு வினாடிக்கு ஒரு கிலோஜூல் தரும். ஆக, கடையில் விற்கும் காயில் ஹீட்டர் ஒன்றே ஒன்று. பதினேழு நிமிடம். பத்துக் கிலோவாட் என்ற ஆளுக்கும் பல்பு என்ற ஆளுக்கும் இதை வாசித்துக் காட்டு.

மூன்று விஷயங்களை வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. அறை முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். சுவர் வழியாகச் சூடு போகக்கூடாது. உள்ளே காற்றைத் தவிர வேறு எதையும் எண்ணக்கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடு, பிறகு என் மேல் பழி வரக்கூடாது.

நீ அவர் பெயரை எழுதாதது மரியாதைக்காக. நானும் எழுதவில்லை. என் காரணம் வேறு.

வெங்கடரமணன், எம்.எஸ்ஸி., எம்.பில்.


நகரி
9-11-1997

அண்ணா,

நீங்கள் என்று எழுதினால் குத்துகிறாய், நீ என்று எழுதினால் என்ன சொல்வாயோ. நீ என்றே எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தோம். முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும் என்றாயே, அதற்காகத் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, பழைய பேப்பரை நாலாக மடித்து, வெண்டிலேட்டர், சுவர் விரிசல், கதவிடுக்கு எல்லாவற்றையும் ஒட்டினோம். கதவை உள்ளேயிருந்து ஒட்டிவிட்டு எப்படி வெளியே வருவது என்று கடைசியில்தான் யோசித்தோம். அதை வெளியிலிருந்து ஒட்டினோம். ஒரு காயில் ஹீட்டரை உள்ளே வைத்தோம்.

எவ்வளவு சூடு என்று பார்க்க மருந்துக் கடையிலிருந்து காய்ச்சல் தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். அதைப் பார்க்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் ஒட்டியது பிய்ந்துவிடும், மறுபடியும் கஞ்சி காய்ச்ச வேண்டும். பதினேழு நிமிடம் கழித்துத் திறந்தோம், தொண்ணூற்றெட்டு. மத்தியானம் திறந்தோம், தொண்ணூற்றெட்டு. பொழுது சாயும்போதும் அதே தொண்ணூற்றெட்டுதான். அவர் தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரூமுக்கு ஜுரம் இல்லடீ, நல்லா கீது. உங்கண்ணனுக்கு எழுதிப் போடு" என்றார். கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மன்னித்துக்கொள்.

ஆனால் எனக்குப் புரியவில்லை. பதினேழு நிமிடம் எங்கே போயிற்று? ஹீட்டர் நாள் முழுவதும் சிவந்துதான் இருந்தது. சுவரைத் தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. அதோடு இன்னொன்று. உள்ளே காற்றைத் தவிர வேறு எதையும் எண்ணக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். நூலை எண்ணலாமா, கூடாதா? இன்னும் நூலைக் கட்டவில்லை. நீ சொன்ன பிறகு கட்டலாம் என்று இருக்கிறேன்.

ஏஜெண்ட் மறுபடியும் ஆள் அனுப்பினான். இந்த மாதக் கடைசி வரை பார்ப்போம் என்று இவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தாட்சாயணி


திருப்பதி
14-11-1997

தாட்சாயணிக்கு,

காய்ச்சல் தெர்மாமீட்டர் மனிதனுக்கு. அறைக்கு அல்ல. நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் அது வெடித்துவிடும். எங்கள் லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, நகரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கதவில் ஒரு சிறு கண்ணாடி பதித்து வெளியிலிருந்தே பாருங்கள். இதைக்கூடத் திருப்பதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணக்கில் தப்பு இல்லை. காற்றைச் சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று கேட்டாய், காற்றுக்கான கணக்கைத் தந்தேன். சுவரையும் சேர்த்துக் கேட்டிருந்தால் சுவரையும் தந்திருப்பேன். சுவர் வழியாகச் சூடு போகக்கூடாது என்று எழுதியிருந்தேனா இல்லையா? நீயே சுவர் வெதுவெதுப்பாக இருந்தது என்கிறாய். அப்படியானால் சூடு எங்கே போயிற்று என்று என்னை ஏன் கேட்கிறாய்? அதற்கு விடை உன் உள்ளங்கையில் இருந்திருக்கிறது.

சரி, சுவரோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு சுவர், கூரை, தரை, எல்லாம் சேர்ந்து ஐம்பத்தாறு சதுர மீட்டர். உங்கள் செங்கல் கனத்துக்கு, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் நூற்றுப் பத்து வாட் அளவு தப்பிப் போகும். ஒரு கிலோவாட் கொடுத்தால் ஒன்பது பத்து டிகிரியில் நின்றுவிடும், நின்றிருக்கிறது. ஐம்பது டிகிரி வேண்டுமானால் மூன்று காயில் ஹீட்டர் வேண்டும். மூன்றையும் ஒரே ஒயரில் மாட்டாமல் நாகபூஷணத்தை வைத்து மாட்டு.

நூலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நூல் எடை குறைந்த பொருள். அது பெரிதாக எதையும் மாற்றாது. கட்டிக்கொள்.

சிரித்ததைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் யார் யார் சிரித்தார்கள் என்று நீ எழுதவில்லை. கங்கையா இருந்தாரா?

வெங்கடரமணன்


நகரி
26-11-1997

அண்ணா,

தெர்மாமீட்டர் வந்தது. கண்டக்டர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புத்தூரில் டீகூடக் குனிந்து குடிக்கவில்லையாம். கங்கையா அன்று இருந்தார். சிரிக்கவில்லை. நீ அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவருக்கு நீ யார் என்றே நினைவில்லை.

மூன்று ஹீட்டர் வைத்தோம். ஐம்பத்தொன்று ஏறியது. கண்ணாடி வழியாக அவரே பார்த்தார். "பரவால்லடீ, வாத்தியாரு கணக்கு வெந்துடுச்சி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நாளாயிற்று. அன்றே ஒரு பாவுக்கு வேண்டிய சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் பிழிந்து உள்ளே கொடியில் கட்டினோம். கஞ்சியால் கதவை ஒட்டினோம். ஹீட்டரை அணைக்காமல் விட்டோம்.

மறுநாள் திறந்தோம். முகத்தில் ஆவி அடித்தது. சூடு இருந்தது. நூல் பிழிந்து கட்டினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சுவரெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரில் சிவப்பு கரைந்து, கீழே கட்டியிருந்த வெள்ளை நூல் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று மறுபடியும் ஒட்டினோம். இன்னும் ஒரு நாளும் பார்த்தோம். ஒட்டிய பேப்பரில் பூஞ்சை பூத்ததுதான் மிச்சம்.

சூடும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. இரண்டும் ஒரே அறைக்குள் எப்படி அண்ணா இருக்கும்? சூடு வந்தால் ஈரம் போக வேண்டாமா? நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். எனக்கு இது புரியவில்லை என்றால் பரவாயில்லை. உனக்குப் புரிகிறதா?

இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. நூலைக் கையில் பிடித்துப் பார்த்தார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராஜம்பேட்டை பஸ் ஏறினார். அடுத்த மாதம் மெட்ராஸில் மெடிக்கல் டெஸ்டாம். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சீக்கிரம் எழுது. அவர் இன்னும் போய்விடவில்லை.

தாட்சாயணி


திருப்பதி
11-12-1997

தாட்சாயணிக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றுமில்லை என்பதுதான். என் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொன்று என்றால் ஐம்பத்தொன்று. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தப்பில்லாத கணக்குக்குக் கீழே நூல் ஈரமாகத் தொங்குகிறது என்பதை நினைத்துப் பாடம் நடத்தும்போதே வாய் நின்றுபோயிற்று. மாணவர்கள் நான் குறிப்புச் சொல்லப்போவதாக நினைத்துப் பேனாவோடு காத்திருந்தார்கள்.

போன வாரம் எங்கள் கரஸ்பாண்டெண்ட் தன் வேண்டுதலுக்காக லெக்சரர்கள் எல்லோரையும் திருமலைக்கு நடத்திக் கூட்டிப்போனார். அவர் வேண்டுதலுக்கு நாங்கள் ஏன் படி ஏற வேண்டும் என்று கேட்க எவனுக்கும் வாயில்லை, எனக்கும்தான். பாதிப் படியில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்துபோய்த் தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூடத்தில் அடைபட்டோம். நூற்றுக்கணக்கான ஜனம், எல்லோரும் ஈரம். குளிர்காற்று அடித்ததால் ஓரத்தில் இருந்தவர்கள் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இத்தனை உடம்புகளின் சூட்டில் கூடமே கதகதப்பாகிவிட்டது. ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்தும் என் சட்டை காயவில்லை. சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. நீ எழுதியிருந்த அதே சுவர்.

பிறகு கேட்டைத் திறந்தார்கள். நாங்கள் வெளியே வரிசையில் போனோம். அங்கே நல்ல குளிர், காற்று ஊடே புகுந்து அடித்தது. இரண்டு திருப்பம் தாண்டுவதற்குள் என் சட்டை உலர்ந்துவிட்டது. சூட்டில் காயாதது குளிரில் காய்ந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து "நடவண்டி, நடவண்டி" என்று தெலுங்கில் நடக்கச் சொல்லித் தள்ளினார்கள். சன்னதியில் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தால் நூல் காயும் என்பதும் தெரியும். புதிதாக ஹீட்டர் எதுவும் வேண்டாம்.

ஆனால் அதை உனக்கு எழுதப்போவதில்லை. உன் வீட்டுக்காரருக்கு எழுதுவேன். அவர் தன் கையால் எனக்கு ஒரு கடிதம் போடட்டும். என் பெயரை முழுதாக, பட்டங்களோடு எழுதட்டும். பன்னிரண்டு வருடம் முன்னால் இடம் போதவில்லை, ஒரு உறையின் மேல் போதும். இது சின்னத்தனம் என்று நீ சொல்வாய். நானும் நேற்று முழுவதும் அதைத்தான் யோசித்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. இருந்தாலும் இதை அடித்துவிட்டு வேறு எழுதக் கை வரவில்லை.

வெங்கடரமணன், எம்.எஸ்ஸி., எம்.பில்.


நகரி
22-12-1997

அண்ணா,

உறையைப் பார்த்திருப்பாய். அது அவர் கையெழுத்துதான். உள்ளே இருப்பது மட்டும் என்னுடையது.

உன் கடிதம் வந்தபோது அவர் மெட்ராஸில் இருந்தார். மெடிக்கல் முடிந்து, விசா கையில் வந்து, டிக்கெட்டோடுதான் வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். திருமலைக் கதையை ஆர்வமாகக் கேட்டார். கடைசி பாராவையும் விடாமல் வாசித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். "அவ்ளோதானா? இத்தினி வருசமா இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு, உறையும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்.

அவர் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து தடுமாறும். உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதினார். "எம்.பில்லுன்னா கரண்டு பில்லு மாதிரியா?" என்று கேட்டார். நான் முறைத்ததும் ஒழுங்காக எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தூர வைத்துப் பார்த்தார். பின்பக்கத்தில் அனுப்புநர் என்று தன் பெயரையும் எழுதினார். உள்ளே என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். "கேட்டத எழுதிட்டேனே, இன்னும் இன்னா?" என்று சொல்லிவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விட்டார்.

நேற்று மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். சின்னவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினாள், தப்பான ஆளுக்கு.

நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. நான் கேட்டதை இப்போதாவது எழுது. ஆறு தறியும் நிற்கிறது. ஆட்கள் இரண்டு பேர் ஏற்கெனவே திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நீ திருமலையிலிருந்து இறங்கிய அன்றே எழுதியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார் என்று ஒரு சமயம் நினைக்கிறேன். எழுதியிருந்தாலும் போயிருப்பார் என்று இன்னொரு சமயம் நினைக்கிறேன். எது சரி என்று உன்னால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

தாட்சாயணி


திருப்பதி
24-12-1997

தாட்சாயணிக்கு,

நீ கடைசியில் கேட்ட கணக்குக்கு என்னிடம் விடை இல்லை.

முதலில் கேட்டதற்கு இருக்கிறது. நீ ஒரு நாளைக்குக் கட்டும் நூலில் பிழிந்த பிறகும் இருபது கிலோ தண்ணீர் நிற்கும். அதை ஆவியாக்க ஆகும் சக்தி, அந்த அறைக் காற்றைச் சூடாக்குவதைப் போல ஐம்பது மடங்கு. அப்படியே ஆவியாக்கினாலும், ஐம்பது டிகிரியில் அந்தப் பத்தடி அறையின் காற்று இரண்டு கிலோ சொச்சம் தண்ணீரைத்தான் தாங்கும். மீதி பதினெட்டுக் கிலோவுக்குப் போக வழி இல்லை. சுவரில் ஏறி, கூரையில் ஏறி, மறுபடி நூலின் மேலேயே விழும். மாதக்கணக்கில் சூடாக்கினாலும் அப்படித்தான்.

கஞ்சியால் ஒட்டியதை எல்லாம் பிய்த்துவிடு. அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் சுவரில், மேலே, கூரையை ஒட்டி ஒரு துவாரம் வேண்டும். எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி இன்னொரு துவாரம், அதில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. ஹீட்டர் வேண்டாம் என்றேன் அல்லவா, ஏனென்றால் ஹீட்டர் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. ஆறு தறி மோட்டாரும் ஓடினால் அவை தின்னும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் கொட்டகைக் கூரையின் கீழே போய் நிற்கிறது. நாலு கிலோவாட்டுக்கு மேல். அந்தக் காற்று அறைக்குள் வந்து, நூலைத் தொட்டு, ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகட்டும். சூடு கொஞ்சம் போதும். நிற்காமல் போவதுதான் முக்கியம்.

தறி ஓடினால்தான் நூல் காயும், நூல் காய்ந்தால்தான் தறி ஓடும் என்பாய். முதல் வாரம் சாயம் போடாத வெள்ளை நூலில் துண்டு ஓட்டு. அது ஓடும் சூட்டில் சாய நூல் காயட்டும்.

துவாரம் எந்த அளவு, எந்த இடம் என்று எழுதினால் நீங்கள் வேறு எங்காவது இடித்துவைப்பீர்கள். ஞாயிறு காலை பாசஞ்சரில் வருகிறேன். கடப்பாரை மட்டும் எடுத்து வை. சாப்பாடு வேண்டாம்.

உறையை வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

அண்ணன்


நகரி
17-5-1998

அண்ணா,

நீ சாப்பாடு வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்து, சுவரை நீயே இடித்து, கையெல்லாம் கொப்புளமாகி, பொழுது சாயும் நேரத்தில் இரண்டாம் தடவை குழம்பு கேட்டதைச் சின்னவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "மாமா துன்னாரு, மாமா துன்னாரு" என்று யார் வந்தாலும் அதே பேச்சு. அதற்குப் பிறகு நீ வரவில்லை என்பதையும் அவள்தான் கணக்கு வைத்திருக்கிறாள்.

தை பிறக்கும் முன்பே நூல் காய்ந்தது உனக்குத் தெரியும். இப்போது வெயிலிலேயே காய்கிறது, அறை சும்மா கிடக்கிறது. நாலு தறி ஓடுகிறது. ஆள் கிடைத்தால் ஆறும் ஓடும். திருப்பூர் போனவர்கள் திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை.

நூல் காய்கிறது, வந்துவிடுங்கள் என்று பொங்கலுக்கே கேசட்டில் பேசி அனுப்பினேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து இரண்டு கேசட் வந்தது. நூலைப் பற்றி ஒன்றுமே இல்லை. போன வாரம் மூன்றாவது வந்தது. அதில் உனக்கு ஒரு சேதி இருக்கிறது. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கண்ணன கேளு. நாங்க படுக்கற ரூமு பத்துக்குப் பன்னெண்டு. ஜன்னல தெறக்கவே கூடாதுன்றானுங்க, எல்லாத்தையும் அடச்சி வெச்சிகீறானுங்க. ஒரு ஏசி கீது. பகலெல்லாம் ஓடிக்கினே கீது, ஆனா ஜில்லுன்னு ஆவ மாட்டேங்குது. இத்த ஜில்லுன்னு ஆக்கறதுக்கு எவ்ளோ கரண்டு வேணும்னு மச்சான கணக்கு போட்டுச் சொல்லச் சொல்லு."

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். குரல் சிரிக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. பின்னால் நிறைய பேர் பேசும் சத்தம், யாரோ விடாமல் இருமுகிறார்கள். உனக்குத் தெரிந்தால் எழுது. நான் அடுத்த கேசட்டில் சொல்லி அனுப்புகிறேன்.

கேசட் ஓடும்போது சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டேப் ரிக்கார்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுடுகிறது என்றாள்.

தாட்சாயணி


திருப்பதி
20-5-1998

தாட்சாயணிக்கு,

காற்றைக் குளிர்விப்பதும் அதே கணக்குத்தான், திருப்பிப் போட வேண்டும். ஆனால் அவர் தந்திருக்கும் விவரம் போதாது. கேலியாகக் கேட்டாரோ, எப்படிக் கேட்டாரோ, அது எனக்கு வேண்டியதில்லை. கேள்வி வந்திருக்கிறது.

அறையின் உயரம் எவ்வளவு, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, கூரை ஓடா தகரமா, எல்லாவற்றையும் அடுத்த கேசட்டில் கேட்டு அனுப்பு. சமையலும் அதற்குள்ளேயேதானா, துணியையும் அங்கேதான் காயப்போடுகிறார்களா என்றும் கேள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று முதலில் மாப்பிள்ளை வேணுவைச் சொல்லச் சொல்.

அண்ணன்